சளி விட்டும் விடாத இருமல்: படிப்படியாகத் தணிக்க முழுமையான வழிகாட்டி

பனிக்காலத்தில் சளி பிடித்தால் காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிறது. மூக்கு ஒழுகுவதும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இருமல்தான் போகிற வழியாகத் தெரிவதில்லை. பேச ஆரம்பித்தால் இருமல், படுத்தால் இருமல், கொஞ்சம் குளிர்காற்று பட்டால் இருமல். பத்தாவது நாள் வாக்கில் பயம் வந்துவிடும்: நெஞ்சில் ஏதாவது இறங்கிவிட்டதோ, ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டுமோ என்று.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சளி இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு வாரம், மிஞ்சினால் ஒன்பது நாள் என்பார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி ஏறத்தாழ 18 நாள். சராசரியே அவ்வளவு என்றால், அதையும் தாண்டி இருமுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 8 வாரத்தையும், குழந்தைகளுக்கு 4 வாரத்தையும் தாண்டும்போதுதான் மருத்துவத்தில் அதை நாள்பட்ட இருமல் என்கிறார்கள். ஆகவே மற்ற எல்லாம் சரியாகி, இருமல் மட்டும் இரண்டாவது வாரத்தில் நீடித்தால் நோய் முற்றுகிறது என்று அர்த்தமில்லை.

அதற்காக அத்தனை நாளும் தூக்கம் கெட்டு, விலா வலிக்க இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இருமலை அடக்கப் பார்ப்பதை விட, அதைத் தூண்டிக்கொண்டே இருப்பது எது என்று கண்டுபிடித்து அதைக் குறைப்பதில்தான் பலன் அதிகம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வழியில் போகிறவை.

படி 1: வீட்டில் சமாளிக்கக்கூடிய இருமல்தானா?

தேனையும் வெந்நீரையும் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, சளியில் ரத்தம், உதடு நீலம் பாய்வது, திடீர்க் குழப்பம் அல்லது எழுப்ப முடியாத மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை, உடனே மருத்துவமனைதான். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியும் இறங்கவில்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள்.

பலர் தவறவிடும் அடையாளம் ஒன்று உண்டு. சளி ஓரளவு குணமாகி, நன்றாக இருக்கிறோம் என்று நினைக்கும்போது மறுபடி காய்ச்சல் ஏறி, இருமலும் பலமாகிறது. வைரஸ் ஓய்ந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து நிமோனியா ஆகும்போது இப்படித்தான் நடக்கும். ‘பழைய சளிதான் திரும்பியிருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள்.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையைத் தூக்கி நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது, கணக்கு தப்பும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும் தாமதிக்காமல் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றாலே மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமா, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் இந்த அளவுகோல்களுக்குக் காத்திராமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

படி 2: இருமல் எங்கிருந்து வருகிறது?

சளிக்குப் பின் தங்கும் இருமலில் பெரும்பாலும் மூன்று காரணங்கள் கலந்திருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, மூக்குச் சளி தொண்டையின் பின்பக்கமாக இறங்குவது. படுத்தவுடன் இருமல் வரும், காலையில் எழுந்ததும் தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கும், அடிக்கடி செருமத் தோன்றும். மூக்கு அடைப்பும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது, கூச்சம் பிடித்த மூச்சுக்குழாய். வைரஸ் போய்விட்டாலும் அது புண்ணாக்கிய உட்படலம் ஆற வாரங்கள் ஆகும். அதுவரை அங்குள்ள நரம்பு முனைகள் சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் சொல்லும். குளிர்காற்று, சிரிப்பு, நீளப் பேச்சு, சென்ட் வாசனை என்று எது பட்டாலும் வறட்டு இருமல் தொடர்ச்சியாக வரும். வெளியே ஒன்றும் வராது. இருமுவதாலேயே தொண்டை மேலும் உரசி, மறுபடி இருமல் வரும்.

மூன்றாவது, நெஞ்சில் சேரும் கபம். இருமினால் வெளியே வரும், வந்ததும் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும். இந்த இருமல் வேலை செய்கிற இருமல். அதை மருந்து கொடுத்து அடக்கக் கூடாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் பாக்டீரியா என்று நினைப்பது பரவலான தவறு. கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியே பச்சை நிறமுடையது. வெறும் வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவதில் அர்த்தமில்லை. வைரஸை அது தொடவே செய்யாது.

படி 3: மூக்கிலிருந்து தொடங்குங்கள்

இருமலுக்கு எல்லோரும் தொண்டையையும் நெஞ்சையும்தான் கவனிக்கிறார்கள். முதலில் மூக்கைக் கவனியுங்கள் என்பேன். மேலே சளி இறங்கிக்கொண்டே இருக்கும்போது கீழே என்ன செய்தாலும் தற்காலிகம்தான்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளிது, மலிவு, முறையாகச் செய்தால் பக்கவிளைவும் குறைவு. தண்ணீர் விஷயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா ஒன்று மிக அரிதாக அந்த வழியாக நுழைந்து உயிரையே எடுத்திருக்கிறது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் குறைந்தது ஒரு நிமிடம் வைத்திருந்து, மூடி ஆறவிடுங்கள். கை பொறுக்கும் இளஞ்சூடு வந்ததும் 240 மில்லிக்கு அரை டீஸ்பூன் அளவு, அயோடின் சேர்க்காத உப்பு போட்டுக் கரையுங்கள். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும்.

கழுவுதொட்டிக்கு மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி, மூக்கு கழுவும் பாட்டிலால் மேல்பக்க நாசியில் மெதுவாக விடுங்கள். மறு நாசி வழியாக வழியும். பாட்டிலை அழுத்திப் பீய்ச்ச வேண்டாம். முடிந்ததும் முன்னால் குனிந்தே, ஒவ்வொரு நாசியாக மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் மூடிப் பலமாகச் சிந்தினால் காதுக்குள் அழுத்தம் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். அதில் ஒன்று படுப்பதற்கு முன் இருக்கட்டும். பாத்திரத்தையும் அதே கொதித்து ஆறிய நீரில் கழுவிக் காயவையுங்கள். கைக்குழந்தைகளுக்கு இந்த முறை வேண்டாம். கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு ஓரிரண்டு போட்டாலே பால் குடிக்குமுன் மூக்கு திறக்கும்.

மூக்கடைப்புக்கு விற்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை ஸ்பிரேக்கள் நொடியில் திறந்துவிடும். ஆனால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் மருந்து தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

படி 4: தொண்டைக்கு ஆறுதல்

தேன். வீட்டு வைத்தியங்களில் ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு நன்றாக உள்ளது இதற்குத்தான். குழந்தைகளின் இரவு இருமலில் இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். எதுவும் கொடுக்காததை விட இருமலும் குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. தேனை ஒரு டம்ளர் நீரில் கரைத்து மடமடவென்று குடித்துவிடாதீர்கள். அரை முதல் ஒரு டீஸ்பூன் வரை, தூங்குவதற்கு அரை மணி முன், வாயில் வைத்து மெதுவாகத் தொண்டையில் இறங்கவிடுங்கள். அது பூசினாற்போல் படிவதில்தான் ஆறுதல். பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். அப்புறம் குழந்தைகள் பல் துலக்க மறக்க வேண்டாம்; சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனும் சர்க்கரைதான் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

வெதுவெதுப்பான எந்தப் பானமும் தொண்டைக்கு இதம்: வெந்நீர், தேநீர், சூப். ஒரே மூச்சில் குடிப்பதை விட, பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமல் எழும்போதெல்லாம் ஒரு வாய் குடிப்பது நல்லது. விழுங்கும் செயலே இருமல் அலையைத் தடுக்கிறது. பால் குடித்தால் சளி கூடும் என்று நிறுத்த வேண்டியதில்லை. பால் எச்சிலோடு கலந்து சிறிது நேரம் கெட்டியாகத் தோன்றுமே தவிர, சளி உற்பத்தியைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ஒரு டம்ளர் வெந்நீரில் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு போட்டு வாய் கொப்பளிப்பது தொண்டைக் கரகரப்பைக் குறைக்கும். சப்புகிற மிட்டாய் வகை மாத்திரைகளும் உதவும். எச்சில் ஊறினாலே வறட்சி தணியும். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அவை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

படி 5: நீங்கள் சுவாசிக்கும் காற்று

பனிக்காலக் காற்று குளிர்ந்து மட்டுமல்ல, வறண்டும் இருக்கும். ஹீட்டர் ஓடும் அறையில் இன்னும் வறளும். அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஹ்யூமிடிஃபையர் வைத்திருந்தால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பாசி பிடித்த தொட்டி இருமலை வளர்க்கும். குளிர்காற்றில் வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடி, மூக்கு வழியே மூச்சு விடுங்கள். புகை எந்த வடிவிலும் வேண்டாம். வீட்டில் ஒருவர் சிகரெட் பிடித்தால் இருமல் உள்ளவரின் தொண்டை ஆற வழியே இல்லை.

ஆவி பிடிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் சளியையோ இருமலையோ சீக்கிரம் குணப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொதிக்கும் பாத்திரம் சாய்ந்து குழந்தைகள் வெந்துபோவதோ உண்மையாகவே நடக்கிறது. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்ட குளியலறையில் பத்து நிமிடம் உங்களோடு உட்கார்ந்திருந்தால் அதே இதம் கிடைக்கும்.

படி 6: இருமும் விதத்தை மாற்றுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வறட்டு இருமல் வரப்போகிறது என்று தொண்டை நமைச்சல் காட்டும் அந்த ஓரிரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உடனே வாயை மூடி, எச்சிலை ஒரு முறை விழுங்குங்கள். சில நொடி மூச்சை நிறுத்துங்கள். பிறகு மூக்கு வழியாகச் சின்னச் சின்ன மூச்சாக, ஆழமாக இழுக்காமல், அரை நிமிடம் சுவாசியுங்கள். வாயைத் திறந்து பெரிதாக மூச்சு இழுத்தால் குளிர்ந்த வறண்ட காற்று நேராகப் புண்ணில் படும், அடுத்த இருமல் நிச்சயம். முதல் சில முறை தோற்பீர்கள். விடாமல் செய்தால் பத்து இருமலாக வருவது மூன்றாகக் குறையும். செருமும் பழக்கத்தையும் இப்படியே விடுங்கள்: செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர். செருமல் குரல் நாணை மோதவைத்து எரிச்சலைக் கூட்டுகிறது.

கபம் இருந்தால் வழி வேறு. தொண்டை கிழிய இருமுவதற்குப் பதிலாக நிமிர்ந்து உட்கார்ந்து, நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, இரண்டு நொடி வைத்திருந்து, வாயைத் திறந்து ‘ஹா’ என்று, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வயிற்றிலிருந்து வெளியே தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சளி மேலே நகர்ந்து வரும். கடைசியில் ஒரே ஒரு இருமலில் வெளியேறிவிடும். இருமி இருமி விலா வலித்தால், இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள்.

படி 7: இரவுக்கு ஒரு வரிசை

இரவுதான் உண்மையான போராட்டம். படுத்ததும் மூக்குச் சளி பின்னால் இறங்குகிறது, வாயால் மூச்சு விட்டுத் தொண்டை காய்கிறது. இரவு உணவை, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் முடித்துவிடுங்கள். வயிற்று அமிலம் மேலேறுவதும் இருமலைத் தூண்டும். படுக்கப் போகும் நேரத்தில் மூக்கைக் கழுவுங்கள், வாய் கொப்பளியுங்கள், கடைசியாகத் தேன். தேனுக்குப் பின் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

தலையை மட்டும் தலையணை அடுக்கி உயர்த்தினால் கழுத்துதான் வலிக்கும். தோளிலிருந்தே சாய்வாக உயர்த்துங்கள். பக்கவாட்டில் படுப்பது பலருக்கு ஒத்துவரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலையணை வைத்து உயர்த்தவே கூடாது; சமதளத்தில் மல்லாந்துதான் படுக்க வேண்டும். நடுராத்திரி இருமல் பிடித்தால் படுத்தபடியே போராடாமல் எழுந்து உட்கார்ந்து, பிளாஸ்கில் வைத்த வெந்நீர் இரண்டு வாய் குடித்து, முந்தைய படியில் சொன்ன மூக்குச் சுவாசத்தைச் செய்யுங்கள்.

மென்தால், கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தடவினால் சிலருக்குத் தூக்கம் வருகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவாதீர்கள். மூக்குத் துளைக்குள் யாருக்கும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

படி 8: மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்

நேராகச் சொல்வதானால், இருமல் சிரப்புகளின் பலன் அவற்றின் விளம்பரம் அளவுக்கு இல்லை. இருந்தாலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் என்பது வறட்டு இருமலை அடக்குவது. கபம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்தான விளைவு வரலாம். குவைஃபெனெசின் சளியை இளக்குவதற்கு. இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து விற்பதும் உண்டு. சளியை இளக்கிவிட்டு அதை வெளியேற்றும் இருமலை அடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை அலர்ஜி மருந்து மூக்கு ஒழுகலைக் காயவைக்கும், தூக்கமும் வரும். அதை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கண்ணழுத்த நோயோ புரோஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு ஆகாது. மூக்கடைப்புக்கு மாத்திரையாகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் பயன் தருவதில்லை என்று 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

பல சளி மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. காய்ச்சலுக்குத் தனியாகவும் ஒன்று போட்டால் கணக்கு இரட்டிக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கும் ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

சின்னக் குழந்தைகளுக்கு சிரப் வேண்டவே வேண்டாம். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடைச் சிரப்பால் நன்மை நிரூபணமாகவில்லை, தீமை நிரூபணமாகியிருக்கிறது. கோடீன் உள்ள மருந்து 12 வயதுக்குக் கீழ் கூடாது, மூச்சையே மந்தமாக்கும். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்புகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தச் சிரப்புகளால் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கிறார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன், மூக்குக்கு உப்புநீர், குடிக்க நிறைய, அணைத்துத் தூங்கவைக்க ஒருவர்: இவ்வளவு போதும்.

படி 9: மூன்று வாரமும் தாண்டிவிட்டால்

இருமல் மூன்று வாரத்துக்குப் பின்னும் குறையும் போக்கில் இல்லை என்றால் ‘சளிதான்’ என்ற முடிவை மறுபடி யோசிக்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் மூன்று வாரம்கூடக் காக்க வேண்டாம், காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருமல் தொடர்ந்து வந்து, கடைசியில் ‘ஊப்’ என்று மூச்சை இழுத்தாலோ, இருமி வாந்தி எடுத்தாலோ கக்குவான் இருமலாக இருக்கலாம். சிறு வயதில் போட்ட தடுப்பூசியின் காப்பு காலப்போக்கில் குறைவதால் பெரியவர்களுக்கும் வரும். இரவிலும் ஓடும்போதும் இழுப்புச் சத்தத்தோடு வருவது ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து உண்டு.

மருத்துவரிடம் போகும்போது சில விவரங்களைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: இருமல் தொடங்கிய தேதி, எந்த நேரத்தில் அதிகம், வறட்டு இருமலா கபமா, காய்ச்சல் இருந்த நாட்கள், இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும், புகைக்கும் பழக்கம் உண்டா என்பதும். ஒரு வலுவான இருமல் அலையை போனில் பதிவு செய்து வைத்திருந்தால் அதையும் போட்டுக் காட்டுங்கள். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் இருமல் வராமல் போவது மிகச் சாதாரணம். குழந்தையின் இருமலைச் சொல்லில் விளக்குவதை விட அந்த அரை நிமிடப் பதிவு மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.